உலூருவைச் சுற்றும் நடை

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே, செம்மணல் பரந்த பாலைவெளியில், ஒரே பாறையாக எழுந்து நிற்பது உலூரு. தரையினின்று அதன் உயரம் 348 மீட்டர். அதன் அடியைச் சுற்றிவரும் நடைபாதையின் நீளம் 10 கிலோமீட்டருக்குச் சற்று மிகும். இந்நிலத்திற்குரிய பழங்குடியினர் தம்மை அனங்கு என அழைத்துக்கொள்வர். தமிழில் வழங்கும் 'அணங்கு' என்னும் சொல்லோடு இதற்கு ஒலியொப்புமை உண்டேயன்றி உறவில்லை. 'மக்கள்' என்பதே அவர்தம் மொழியில் இதன் பொருள். இப்பாறையைக் காண வருவோர் அதன்மீது ஏறுவதா, அதனைச் சுற்றி நடப்பதா என்பது சிறு கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும், அந்நிலம் யாருடையது என்னும் பெருங்கேள்வி அதனுள் அடங்கிக் கிடந்தது.

1873ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வில்லியம் காஸ் என்னும் நில அளவையாளர் இவ்விடத்தை அடைந்தார். அவரும் கம்ரான் என்னும் ஆப்கானிய ஒட்டகக்காரரும் உச்சிவரை ஏறினர். தென் ஆஸ்திரேலியாவின் அரசியல் தலைவர்களுள் ஒருவரான சர் ஹென்றி ஏயர்ஸின் பெயரைக் காஸ் அப்பாறைக்குச் சூட்டினார். முன்னரே பெயருள்ள ஒன்றுக்குப் புதுப்பெயரிட்டுத் தாமே கண்டுபிடித்ததாக எழுதிவைப்பது அக்காலப் பயணிகளின் வழக்கம்.

1920இல் இப்பகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் ஒரு கூறாயிற்று. ஆனால் 1948இல் வண்டித்தடம் அமைந்ததும் சுற்றுலாவினர் வரத் தொடங்கினர். 1958இல் பாறையும் அதன் சூழலும் அவ்வொதுக்கீட்டினின்று பிரிக்கப்பட்டுத் தேசியப் பூங்காவாயின. பாறையின் அருகிலேயே விடுதிகள் எழுந்தன. 1964இல் ஏறுவோர் பற்றிக்கொள்ளச் செங்குத்தான சரிவில் இரும்புச் சங்கிலி பொருத்தப்பட்டது. நிலத்திற்குரியவரைக் கேட்டுச் செய்தவை அல்ல இவை.

1983 நவம்பரில் பிரதமர் பாப் ஹாக், நிலத்தை அனங்கு மக்களிடமே ஒப்படைப்பதாக அறிவித்தார். மேலே ஏறுவதைத் தடுப்பதும் அவருடைய வாக்குறுதிகளுள் ஒன்று. 1985 அக்டோபர் 26ஆம் நாள் தலைமை ஆளுநர் சர் நினியன் ஸ்டீபன் உரிமைப் பத்திரத்தை வழங்கினார். அன்றே அந்நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏறும் வழியும் மூடப்படவில்லை. கொடுத்த கையே ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டது எனலாம்.

தடுக்கும் அதிகாரம் முழுமையாகக் கைவராத நிலையில் அனங்கு மக்கள் வேண்டுகோள் விடுத்தனர்: 'ஏறாதீர்கள், எங்களோடு நடந்து வாருங்கள், நாங்கள் சொல்வதைக் கேளுங்கள்.' 1990களில் அனங்கு மக்களுக்கே உரிய வழிகாட்டி நிறுவனம் ஒன்று தோன்றியது. முதியவர் ஒருவர் தம் மொழியிலேயே பேச, உடன் வருபவர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார். விருந்தினர் தம் மொழிக்காக வீட்டார் வாய்மூடியிருக்க வேண்டியதில்லை என்னும் அம்முறை, மொழி கற்பிப்போர் கருதத்தக்கது.

பூங்காக் காவலர் அழைத்துச் செல்லும் மாலா நடை இவற்றுள் யாவரும் அறிந்தது. மாலா என்பது முயலளவான ஒரு சிறு வாலபி, கங்காருவின் இனம். படைப்புக் காலத்தில் மாலா முன்னோர் வடக்கிலிருந்து சடங்கு நிகழ்த்த இங்கு வந்தனர் என்பது கதை. மேற்கிலிருந்து வந்தோர் தம் சடங்கிற்கு அழைக்க, தொடங்கியதை இடையில் விடலாகாது என இவர்கள் மறுத்தனர். சினமுற்றோர் குர்ப்பனி என்னும் நாயுருவப் பேயை ஏவினர். மீன்கொத்திப் பெண்ணான லுன்ப்பா எச்சரித்தும் சிலர் மாண்டனர். ஏனையோர் தெற்கே ஓடினர். பாறையின் குழிகளும் குகைகளும் இந்நிகழ்ச்சிகளின் தடங்களாகக் காட்டப்படுகின்றன.

அக்குகைகளுள் ஒன்று பள்ளிக்கூடம். தலைமுறை தலைமுறையாக முதியோர் அங்கே சிறுவரை அமரவைத்து, நீர்நிலை எங்குளது, வேட்டை எவ்வாறு, இந்நாட்டில் உயிர்தரித்து நடப்பது எப்படி என்று கற்பித்தனர். கரும்பலகையில் ஆசிரியர் வரைவதுபோல் அவர்கள் வரைந்த ஓவியங்கள் சுவரில் இன்றும் உள்ளன. பெண்கள் உணவு சமைத்த குகை வேறு, முதியோர் தங்கிய குகை வேறு. ஆடவர்க்கோ பெண்டிர்க்கோ மட்டும் உரிய இடங்களும் உண்டு. அங்கே படம் எடுத்தல் கூடாது. அவற்றின் கதைகளும் சொல்லப்படுவதில்லை. ஜுக்குர்ப்பா எனப்படும் அவர்தம் அறநெறியில் அறிவு படிப்படியாகத் தரப்படுவது. விருந்தினர் கேட்பது குழந்தைகளுக்குச் சொல்லும் அளவே. முதிய பேராசிரியரானாலும் அங்கே அவர் முதல் வகுப்பு மாணாக்கரே!

சங்கிலி வழி சென்றதும் மாலா முன்னோர் வந்த தடத்தின்மேல்தான். ஏறுதலை அனங்கு மக்கள் வேண்டாமென்றதற்கு அது ஒரு காரணம், துயரம் மற்றொன்று. அவ்வழியில் 37 பேர் மாண்டனர். தம் நிலத்தில் விருந்தினர் இறப்பின் பொறுப்பு தம்மைச் சாரும் என அவர்கள் வருந்தினர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறுவோர் தொகை குறைந்தது. வருவோருள் 20 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. 2017 நவம்பரில் பூங்கா ஆட்சிக் குழு மூடும் முடிவை எடுத்தது. 2019 அக்டோபர் 26, நிலம் திரும்பிய அதே நாளில், ஏறும் வழி என்றைக்குமாக அடைக்கப்பட்டது. மூடுமுன் ஏறிவிட வேண்டுமென இறுதி மாதங்களில் கூட்டம் வரிசையில் நின்றதையும் குறிப்பிடவே வேண்டும்.

பின்னர்ச் சங்கிலி அகற்றப்பட்டது. மாலா நடை தொடங்குமிடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்போர்க்கு, செந்நிறப் பாறையில் பல தலைமுறைக் காலடிகள் தேய்த்த வெளிறிய கோடு ஒன்று கண்ணுக்குப் படும்.