மாத்திரையை முழுங்கினாங்களா? ஒரு மெட்ராஸ் கதை

அரியலூர்ல ரயில் ஏறி சென்னைக்கு வர்றவங்க (பெரம்பலூர்க்காரங்களும்தான், எங்களுக்கு ஏது ரயில்!) தாம்பரம் தாண்டினதும் 'தாம்பரம் சானடோரியம்'னு ஒரு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க. 1928-ல டாக்டர் சவுரி முத்து ஆரம்பிச்ச காசநோய் ஆஸ்பத்திரியால வந்த பேரு. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு... அப்போ இதுதான் வைத்தியம்.

சரி, மேட்டருக்கு வருவோம். 1950-கள்ல மருந்து வந்துடுச்சு, ஆனா நோயாளிங்க எண்ணிக்கைக்கு படுக்கை பத்தலை. அப்போ வீட்டுலயே வச்சு குணமாக்க முடியுமா? இதுக்கு விடை தேட 1956-ல மெட்ராஸ்ல ஒரு மையம் தொடங்கினாங்க. ஐசிஎம்ஆர், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாலும் சேர்ந்து. வழிநடத்த வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ்.

நெரிசலான ஏழை வீடுகள்லேர்ந்து வந்த நோயாளிகளை குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சாங்க. பாதிப்பேர் சானடோரியத்துல, பாதிப்பேர் வீட்டுல. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து: ஐசோநியாசிட், பிஏஎஸ். ஒரு வருஷம், தினமும்.

இங்கதான் சிக்கலே. பிஏஎஸ் கிராம் கணக்குல முழுங்கணும், வயித்தைப் புரட்டும். ஆனா சில வாரத்துலயே இருமலும் காய்ச்சலும் போயிடும். "அதான் சரியாயிடுச்சே"ன்னு மாத்திரையை நிறுத்தினா, மிச்சமிருக்கற கிருமி மருந்துக்கே அடங்காததா மாறி திரும்ப வரலாம். அதனால நோயாளிக்கும் வீட்டாருக்கும் திரும்பத் திரும்ப விளக்கினாங்க. விளக்கினதோட விட்டுடலை. சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீர்ல மருந்து இருக்கான்னு சோதிச்சாங்க. எங்க ஆபீஸ்ல டெஸ்டிங் டீம் கூட இவ்வளவு சந்தேகப்படாது :-)

1959-ல முடிவு வந்துச்சு. ஒரு வருஷத்துல நோய் அடங்கினது வீட்டுல 86 சதவீதம், சானடோரியத்துல 92 சதவீதம். சாப்பாடும் ஓய்வும் அங்க ரொம்ப மேல். இருந்தும் இவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுல இருந்தவங்களுக்கும் கூடுதலா தொத்தலை. உலகம் முழுக்க காசநோய் படுக்கைகள் காலியாக இதுவும் ஒரு பெரிய காரணம்.

எனக்கு அதைவிட முக்கியமாப் படறது ஃபாக்ஸ் 1958-லயே எழுதின கட்டுரை. நோயாளி தானே மருந்து எடுத்துக்கறதுல இருக்கற பிரச்சினையைப் பத்தினது. நர்சிங் படிச்ச எங்க அக்கா சொல்லும்: "மாத்திரையை மேசையில வச்சுட்டு வந்துடக் கூடாதுடா, முழுங்கறதைப் பார்த்துட்டுத்தான் நகரணும்." வார்டுல இது சுலபம், ஒரு ஊருக்கே எப்படி செய்யறது? மெட்ராஸ்காரங்க வாரம் ரெண்டே தடவை, கண்ணெதிர்ல குடுக்கற முறையை சோதிச்சு 1964-ல வெளியிட்டாங்க. அதுவும் நல்லாவே வேலை செஞ்சுது.

பின்னாடி 'டாட்ஸ்'னு உலகம் சுத்தி, 1997-லேர்ந்து இந்தியத் திட்டமாவே திரும்பி வந்தது இந்த யோசனைதான். அங்கன்வாடி ஊழியர், கடைக்காரர்னு பலபேர் கையால மாத்திரை போச்சு. ஆனா கூலி வேலைக்குப் போறவர் அதுக்காக நாள் கெட்டு வந்து நிக்கணும்ங்கறது எனக்கு உறுத்தல்தான். 2017-லேர்ந்து தினசரி மாத்திரைக்கே மாறிட்டாங்க. மாத்திரையைப் பிதுக்கினா அட்டைக்குள்ள ஒரு போன் நம்பர் தெரியும், மிஸ்டு கால் குடுக்கணும்னு ஒரு ஏற்பாடும் வந்துச்சு. நம்ம தொழில்காரங்க வேலை! ஆனா பிதுக்கினதைத்தான் அது சொல்லும், முழுங்கினதை இல்லை.

சேத்துப்பட்டுல அந்த மையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்ங்கற பேர்ல இன்னும் நடக்குது.