இராமாயணம்: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா

ஜப்பானிய, இந்தியக் கலைஞர்கள் இணைந்து உருவாக்கிய கைவரை அசைவூட்டத் திரைப்படம். இயக்கம்: யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி, ராம் மோகன்.

படம் உருவானபோது அயோத்திச் சிக்கல் கொதித்துக்கொண்டிருந்தது. இராமாயணத்தைக் கேலிச்சித்திரமாக்கக் கூடாது என எதிர்ப்பு எழுந்தது. இந்திய அரசும் கூட்டுத் தயாரிப்புக்கு உடன்படவில்லை. எனவே, ஜப்பானிய முதலீட்டில் டோக்கியோவில் ஏறத்தாழ 450 கலைஞர்கள் படத்தை வரைந்தனர். உடை, கட்டடக்கலை, வணங்கும் முறை ஆகியவற்றை இந்தியக் கலைஞர்கள் வழிநடத்தினர். அவர்களுள் முதன்மையானவர் ராம் மோகன் (1931–2019). சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, 1956இல் அசைவூட்டத் துறைக்கு வந்தவர்.

இலங்கைப் போரே படத்தின் உச்சம். கும்பகர்ணனின் பேருருவமும் வானரப் படையின் திரளும் ஜப்பானியத் தூரிகையின் வலிமைக்குச் சான்று. போரை வெற்றிக் களிப்பாக மட்டும் காட்டாமல், அதன் இழப்பையும் உணர்த்துவது படத்தின் பெருஞ்சிறப்பு.

1993இல் டெல்லியில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டும் திரையரங்குகளில் பரவலாக வெளிவரவில்லை. தொலைக்காட்சியே இதைக் குழந்தைகளிடம் சேர்த்தது. ஜப்பானிய அசைவூட்டத்துக்கு இந்தியாவில் சந்தை வளர்ந்தபின், 2025 ஜனவரி 24இல் 4கே தரத்தில், தமிழ்க் குரலுடனும் திரையரங்குகளுக்கு வந்தது. அதைக் காண யூகோ சாகோ இல்லை. அவர் 2012இல் மறைந்தார்.