துறைமுகமும் இடைமுகமும்

கொச்சியில் வாழும் நம்மவர்க்குத் துறைமுகம் இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தேவராவினின்று வெண்டுருத்திப் பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. மட்டாஞ்சேரிக் கரையில் நின்று நோக்கினாலும் எதிரே தோன்றுவது அதே தீவு. 1920ஆம் ஆண்டில் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் இவ்வூருக்கு வந்தபோது இங்குக் கடல் இருந்தது, காயல் இருந்தது, மிளகும் தேயிலையும் கயிறும் மலைபோற் குவிந்திருந்தன. இல்லாதிருந்தது ஒன்றே, அதுதான் வாயில். காயலின் முகத்தை மணல்திட்டு அடைத்துக் கிடந்தமையால், பெரிய கப்பல்கள் புறக்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. அத்திட்டை அகழ்ந்து ஆழ்கால் வெட்டிய பின்னரே, 1928ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொட்டிய இடமே வில்லிங்டன் தீவாயிற்று.

கணினிக்கும் இத்தகைய வாயில் ஒன்று உண்டு. அதனைத் தமிழில் ‘இடைமுகம்’ என்று வழங்குகின்றோம். துறைமுகத்தில் உள்ள ‘முகம்’ இதிலும் இருத்தல் காண்க. கணினியின் அறிவெல்லாம் உள்ளே. உலகின் செய்தியெல்லாம் வெளியே. இரண்டும் சந்திக்கும் இடம் இடைமுகம். அவ்வாயிலைத் திறக்கவும் மூடவும், அதற்குப் பெயரும் முகவரியும் இடவும் பயன்படும் கருவி ஒன்று லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தில் உண்டு. சிறு கருவிதான். எனினும் அதன் வரலாறு பெரிது. நம் பிள்ளைகள் அறிய வேண்டுவது. அதனை இம்மலரில் ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றோம்.

புதிய ஊரில் கேட்கும் ஐந்து கேள்விகள்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காக வேற்றூர் புகுந்தவர்க்கு இக்கருவியின் வேலையை விளக்குதல் எளிது. புதிதாக ஓர் ஊருக்குச் சென்றால் நம்மை என்னென்ன கேட்கின்றனர்? உன் பெயர் என்ன? வீட்டு எண் யாது? உன் தெரு எதுவரை? வெளியூர் செல்ல எவ்வழியாகப் போவாய்? முகவரி தெரியாதவரைத் தேட யாரை உசாவுவாய்? வலையில் புகும் கணினியும் இந்த ஐந்துக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

இடைமுகத்தின் பெயர் முதலாவது. 192.168.1.10 என்பது போன்ற நான்கு எண்கள் கொண்ட முகவரி இரண்டாவது. அம்முகவரியில் எவ்வளவு பகுதி தெருவைக் குறிக்கும், எவ்வளவு பகுதி வீட்டைக் குறிக்கும் என்று பிரித்துக் காட்டும் அளவு மூன்றாவது. தெருவைத் தாண்டிச் செல்லும் செய்தியை ஒப்படைக்கும் நுழைவாயிற் கணினி நான்காவது. பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் பெயர்ச்சேவையகம் ஐந்தாவது. இவற்றுள் ஒன்று பிழைபட்டாலும் போக்குவரத்து தடைப்படும். முகவரி சரியாக இருந்து நுழைவாயில் பிழையானால், பக்கத்து அறைக் கணினியோடு பேசலாம். பம்பாயோடு பேச இயலாது. பெயர்ச்சேவையகம் மட்டும் பிழையானால், வலை திறந்தே இருக்கும். ஆயினும் வீட்டில் உள்ளோர் ‘இணையம் இல்லை’ என்றே கூறுவர். எந்தக் கேள்விக்கு விடை தவறியது என்று காண்பவனே நோயின் காரணம் அறிந்த மருத்துவனாவான்.

பலநாட்டார் கூடிச் செய்த பணி

அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு தோன்றிய ஆர்ப்பாநெட் என்னும் வலை, 1983ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று இன்று உலகெங்கும் வழங்கும் இணைய நெறிமுறைக்கு மாறியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் தங்கள் யுனிக்ஸ் பதிப்பொன்றை வெளியிட்டனர். அதனுள் ‘இஃப்கான்ஃபிக்’ என்னும் சிறு கட்டளை அமைந்திருந்தது. ‘இடைமுகத்தை அமைத்தல்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். இடைமுகத்துக்கு முகவரி இடுதலும், அதனை எழுப்புதலும், உறங்க வைத்தலும் அதன் தொழில்.

1991ஆம் ஆண்டில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஓர் இயங்குதளத்தின் உட்கருவை எழுதத் தொடங்கினார். 1992ஆம் ஆண்டில் அதனை எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் பொதுவுரிமத்தின்கீழ் வைத்தார். அந்த ஒரு செயலே பின்னர் விளைந்த அனைத்துக்கும் வித்தாயிற்று. ராஸ் பைரோ என்பார் அதற்கு முதல் வலைக்குறிமுறையை எழுதினார். ஹாலந்து நாட்டு ஃபிரெட் வான் கெம்பென் அதனை விரித்து எழுதி, இஃப்கான்ஃபிக் முதலிய கருவிகளையும் லினக்ஸுக்கென ஆக்கினார். வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரினரான ஆலன் காக்ஸ் அதனைச் செப்பனிட்டு நிலைபெறச் செய்தார். இவர்கள் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து ஊதியம் பெற்றுப் பணியாற்றியவர் அல்லர். மூலக்குறிமுறை பொதுவில் இருந்தமையால், ஒருவர் விட்ட இடத்தினின்று மற்றொருவர் தொடர முடிந்தது.

பழைய கருவியின் குறை

காலம் செல்லச் செல்ல லினக்ஸின் உட்கரு வளர்ந்தது, கருவி வளரவில்லை. ஓர் இடைமுகத்துக்குப் பல முகவரிகள் இருக்கலாம் என்னும் நிலை வந்தது. ஒரே கணினியில் வழித்தடப் பட்டியல்கள் பலவற்றை வைத்து, இன்ன இடத்துச் செய்தி இன்ன வழியே செல்க என்று விதிக்கலாம் என்றும் ஆயிற்று. பழைய இஃப்கான்ஃபிக்கோ, ஓர் இடைமுகம், ஒரு முகவரி என்னும் பழங்கணக்கிலேயே நின்றது.

இந்நிலையில் மாஸ்கோவின் அணுவாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அலெக்சி குஸ்நெட்சோவ் புதிய கருவித்தொகுதி ஒன்றை ஆக்கினார். ‘ஐபிரூட்2’ என்பது அதன் பெயர். அதன் தலையாய கட்டளை ‘ஐபி’ என்னும் ஈரெழுத்தே. 1999ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.2 பதிப்பின் புதிய ஆற்றல்களுக்கு ஏற்ப அஃது அமைந்தது. பழைய கருவி உட்கருவை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு விடை பெறும். புதியதோ ‘நெட்லிங்க்’ என்னும் செய்தித்தடத்தின் வழியே பேசும். மாற்றம் ஒன்று நேர்ந்தவுடன், கேளாமலே உட்கரு அறிவிக்கும் வசதியும் அத்தடத்தில் உண்டு.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுளது. புதிய கட்டளையால் ஓர் இடைமுகத்துக்கு இரண்டாம் முகவரி இட்டுவிட்டு, பழைய கட்டளையால் நோக்கினால், அந்த இரண்டாம் முகவரி பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. முகவரி இருக்கின்றது, அதன்வழிச் செய்தி வருகின்றது, போகின்றது, ஆயினும் பழங்கருவி அதனைக் காட்டாது. உடைந்துபோன கருவி தன் குறையைத் தானே சொல்லிவிடும். ஓடிக்கொண்டே உண்மையில் பாதியை மட்டும் காட்டும் கருவியே அதனினும் இடர் மிக்கது. இதனை உணர்ந்தே டெபியன் குழுவினர் 2009ஆம் ஆண்டில் பழையதைக் கைவிடும் கருத்தை வெளியிட்டனர். எனினும் பழக்கம் எளிதில் அகலுவதன்று. இன்றும் பல குறிப்பேடுகளில் இஃப்கான்ஃபிக்கே முதற்பாடமாக நிற்கக் காண்கின்றோம்.

நினைவும் வாடகையும் பெயரும்

கட்டளையால் இட்ட முகவரி, கணினியை அணைத்தால் மறைந்துவிடும். எனவே அதனை ஒரு கோப்பில் எழுதிவைத்து, கணினி விழித்தெழும்போதெல்லாம் படித்து அமைக்கும் கருவிகள் தோன்றின. டெபியனின் ‘இஃப்அப்டவுன்’ அவற்றுள் ஒன்று. அதனை ஆக்கியவர் ஆஸ்திரேலியரான அந்தோணி டவுன்ஸ். முகவரியைக் கையால் எழுதாமல், வலையிடமே கேட்டுப் பெறும் நெறிமுறை 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. அதில் முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை. குறித்த காலத்துக்கு வாடகையாகவே கிடைக்கும். காலம் முடியுமுன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் குடியிருந்தோர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

மடிக்கணினி பெருகிய பின்னர், காலையில் அலுவலகம், மாலையில் வீடு என இடம் மாறுந்தோறும் வலையும் மாறிற்று. 2004ஆம் ஆண்டில் ரெட் ஹேட் நிறுவனத்தார் தொடங்கிய ‘நெட்வொர்க் மேனேஜர்’ இதற்கு விடையாக வந்தது. திரையின் மூலையில் சிறு படமாக நின்று, வலைகளைத் தானே கண்டு இணைக்கும் இக்கருவிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு என்பது நாம் மகிழத்தக்கது.

பெயரிலும் ஒரு சிக்கல் எழுந்தது. முன்னாளில் இடைமுகங்களுக்கு ஈத்0, ஈத்1 என்று கண்டறிந்த வரிசையிலேயே பெயரிட்டனர். இரண்டு அட்டைகள் உள்ள கணினியில், ஒருநாள் முதலாவதாக நின்றது மறுநாள் இரண்டாவதாகிவிடலாம். அவ்வாறாயின், வெளியுலகுக்கென வகுத்த காவல்விதி வீட்டு வலைக்குப் போய்ச்சேரும். 2013ஆம் ஆண்டில் ‘சிஸ்டம்டி’ என்னும் அமைப்பு, அட்டை பொருந்தியுள்ள இடத்தைக்கொண்டே பெயரிடும் முறையைக் கொணர்ந்தது. தமிழர்க்கு இஃது புதிதன்று. ஓர் அலுவலகத்தில் சுப்பிரமணியன் இருவர் இருந்தால், பெயருக்கு முன் நிற்கும் ஊரெழுத்தன்றோ இவரை வேறு, அவரை வேறு என்று பிரித்துக் காட்டுகின்றது!

நம் நாட்டில்

நம் நாட்டில் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களை இணைக்கும் ‘எர்நெட்’ திட்டம் 1986ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சென்னையின் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதன் தொடக்க நிலையங்களுள் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் 1995ஆம் ஆண்டு விடுதலை நாளன்று கிட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் கொச்சி மீண்டும் ஒரு துறையாயிற்று. 1990களின் இறுதியில் ஐரோப்பாவையும் கீழைநாடுகளையும் இணைத்த கடலடிக் கம்பிவடம் ஒன்றும், 2002ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைத்த மற்றொன்றும் இவ்வூர்க் கரையில் ஏறின. முன்பு மிளகு சென்ற கடல்வழியே செய்தி செல்லலாயிற்று.

கம்பி வந்தால் மட்டும் போதாது. அதனை ஆளும் அறிவும் வேண்டும். 2001ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முதல்வர் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடக்கம் பெற்றது. கேரளத்தின் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டமும் அக்காலத்ததே. பின்னர் அத்திட்டம் அரசுப் பள்ளிகளின் கணினிகளில் லினக்ஸையே நிலைநிறுத்தியது. 2017ஆம் ஆண்டில் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. தமிழ்நாட்டிலும் சென்னை சி-டாக் நிலையத்தார் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் தொகுப்பை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதனால் நேர்ந்த பயன், உரிமக் கட்டணம் மிஞ்சியது மட்டும் அன்று. பள்ளிக் கணினி அறையில் பத்துப் பதினைந்து கணினிகளை ஒரு வலையில் பிணைக்கவேண்டிய ஆசிரியர், முகவரி இன்னது, நுழைவாயில் இன்னது என்று தாமே கற்கலானார். அவரிடம் மாணவரும் கற்றனர். நம் கொச்சித் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் இப்பள்ளிகளில் பயின்றவரே, பயில்பவரே.

நாம் செய்யத்தக்கது

நம் முன்னோர் இந்நகருக்கு வெவ்வேறு காலங்களில் வந்தனர். துணி வெளுக்க வந்தோர் உண்டு. வாணிகம் செய்ய வந்தோர் உண்டு. துறைமுகத்திலும் அலுவலகங்களிலும் பணிபுரிய வந்தோர் உண்டு. துறைமுகத்தின் சுமையை நம்மவர் தோள்கள் தாங்கின. அதன் வாயிலைத் திறக்கும் திறவுகோலோ நெடுங்காலம் பிறர் கையில் இருந்தது. இப்புதிய துறையிலும் அந்நிலை தொடர வேண்டுமா என்பதே நம்முன் உள்ள வினா.

வீட்டில் இணையம் நின்றுவிட்டால், ஆளை அழைத்துப் பணம் கொடுத்துக் காத்திருக்கின்றோம். ‘ஐபி அட்ரஸ்’ என்னும் கட்டளை முகவரியைக் காட்டும். ‘ஐபி லிங்க்’ வாயில் திறந்துளதா என்று கூறும். ‘ஐபி ரூட்’ வெளிச்செல்லும் வழியைக் காட்டும். இம்மூன்றையும் ஒரு மாலைப்பொழுதில் கற்கலாம். வேறு சொல் எதுவும் சேர்க்காமல் இட்டால் இவை பார்க்க மட்டுமே பயன்படுவன. அவ்வாறு இடுவதால் எதுவும் கெடாது. பார்க்கக் கற்றவன் பின்னர் மாற்றக் கற்பான். மாற்றக் கற்றவன் ஒருநாள் மூலக்குறிமுறையைத் திறந்து, இஃது ஏன் இவ்வாறு இயங்குகின்றது என்று வினவுவான். ஹெல்சிங்கி மாணவரும் மாஸ்கோ ஆராய்ச்சியாளரும் இவ்வினாவையே எழுப்பினர். அவர்கள் படித்த குறிமுறை தேவராவில் உள்ள சிறுவனுக்கும், மட்டாஞ்சேரியில் உள்ள சிறுமிக்கும் அதே உரிமையோடு திறந்தே கிடக்கின்றது. அதற்கு நுழைவுச் சீட்டு வேண்டா; பரிந்துரை வேண்டா; பொறுமையும் ஆர்வமும் வேண்டும்.

ஆகவே, அறிந்த இளைஞர் அறியாத சிறுவர்க்கு விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கற்பிப்பாராக. பெற்றோர் வீட்டில் உள்ள பழைய கணினியைத் தூக்கி எறியாமல், அதில் லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகள் கையில் தருவாராக. கற்ற கலைச்சொற்களைத் தமிழில் எழுதிப் பழகுவாராக. அடைபட்ட வாயிலை அகழ்ந்து திறந்ததனால் வாழ்வு பெற்றது இந்நகரம். அறிவின் வாயிலையும் நம் பிள்ளைகள் தம் கையாலேயே திறந்து, தாமும் வாழ்ந்து, தமிழையும் வாழ்விப்பாராக!