பிப்பாங்காய் விக்கிற கடற்கரைச் சந்தை

தையில் சம்பா அறுப்பு முடிஞ்சு, வயல்ல உளுந்து நின்ன நேரம் ரீயூனியன் தீவுக்குப் போய் பத்து நாள் இருந்துட்டு வந்தேன். தங்கச்சி மகள் குடும்பம் அங்கேதான் இருக்கு. மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். "ஒரு தடவையாவது வாங்க மாமா"ன்னு அவ மூணு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்துமாக்கடல்ல இருக்கிற எரிமலைத் தீவு இது. 1946-லிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம். பேச்சு பிரெஞ்சும் கிரியோலும், பணம் யூரோ. காத்து கொண்டு வர்ற மழையெல்லாம் கிழக்குப் பக்கம் கொட்டிவிடும். நடுவுல மலை மறிச்சு நிக்கிறதால மேற்குக் கரையில நல்ல வெயில். அந்த வெயில் கரையில்தான் சேன் போல் நகரம் இருக்கு. வெள்ளிக்கிழமை கடற்கரை ஓரமா அங்கே சந்தை கூடும். பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்து நிக்க, பக்கத்துல வரிசையா துணிப்பந்தல். அன்னாசி, இஞ்சி, மஞ்சள், வனிலாக் காய்க் கட்டு, தாழை ஓலையில பின்னின பைன்னு எல்லாம் கிடைக்குது.

விவசாயிக்கு எந்த ஊர்ச் சந்தையிலயும் கண்ணு காய்கறிப் பக்கம்தான் போகும். ஒரு வயசான அம்மா கட்டுக் கட்டா முருங்கைக்கீரை வச்சிருந்தாங்க. என்ன பேருன்னு கேட்கச் சொன்னேன். "ப்ரெத் முரும்"னாங்க. ப்ரெத்னா கீரை, முரும்னா முருங்கை. பக்கத்துல கறிவேப்பிலை, அது "கலுப்பிலே". கொத்தமல்லி "கொத்தோமிலி". பீர்க்கங்காயைத் தூக்கிக் காட்டினேன். "பிப்பாங்காய்." எங்க பக்கம் பேச்சுல பீக்கங்காய்னுதான் சொல்லுவோம். காதுல அது அப்படியே விழுந்தது.

அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இதெல்லாம் தமிழ்ச் சொல்லுன்னு தங்கச்சி மகள் சொன்னதும் சிரிச்சாங்க. "இது கிரியோல்தானே"ன்னாங்க. உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவீங்கன்னு கேட்டாங்க. பீக்கங்காய்னு சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாங்க.

இந்தச் சொற்கள் அங்கே எப்படிப் போச்சுங்கிறதைத்தான் எழுத நினைச்சேன்.

தீவுல ஆதியில மனுஷங்களே கிடையாது. பிரெஞ்சுக்காரங்க 17-ம் நூற்றாண்டுல உரிமை கொண்டாடி, புர்போன்னு பேர் வச்சாங்க. 1663-ல் ரெண்டு பிரெஞ்சுக்காரர்களும் பத்து மடகாஸ்கர்காரர்களும் இந்த சேன் போல் விரிகுடாப் பக்கம்தான் வந்து தங்கினாங்க. தீவின் முதல் தலைநகரும் இதுதான். 1715-ல் காப்பிச் செடி வந்தது. காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தாங்க. 1800-களின் தொடக்கத்துல அடுத்தடுத்து வந்த புயல்ல காப்பித் தோட்டங்கள் அழிஞ்சு, அதுக்கப்புறம் கரும்பு பரவுச்சு. கரும்பு எவ்வளவு ஆள் கேட்கும்னு நட்டு வெட்டினவங்களுக்குத் தெரியும்.

1848 டிசம்பர் 20-ல் அடிமைமுறை ஒழிஞ்சது. சுமார் 60 ஆயிரம் பேர் விடுதலையானாங்க. அவங்கள்ல பெரும்பாலோர் பழைய முதலாளியின் கரும்புக் கொல்லையை விட்டு விலகினாங்க. அந்த இடத்தை நிரப்பத்தான் நம்ம ஆட்களைத் தேடி வந்தாங்க. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரங்க கையில் இருந்ததால ஆள் ஏத்தறது சுலபமாச்சு. 1860-க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசோட ஒப்பந்தம் போட்டு அவங்க ஆட்சிப் பகுதியிலிருந்தும் கூட்டிப் போனாங்க. அந்த நூற்றாண்டுல போன இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதுல பெரும்பகுதி தமிழ் பேசினவங்க. ஆனா தீவுல அவங்களுக்கு விழுந்த பேர் "மலபார்". இன்னைக்கும் அப்படித்தான் சொல்றாங்க.

அஞ்சு வருஷ ஒப்பந்தம். கூலி, அரிசி, துணி எல்லாம் காகிதத்துல இருந்தது. நடந்தது வேற. கூலியைப் பிடிச்சு வைக்கிறது, ஒரு நாள் வராட்டி ரெண்டு நாள் கூலியை வெட்டுறது, அடி. புகார் குவிஞ்சு, 1882-ல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புறதையே நிறுத்திடுச்சு. கப்பல்ல வந்தவங்களை நோய்க்குப் பயந்து முதல்ல அடைச்சு வச்ச கட்டடங்கள் லா கிராந்த் ஷாலூப்ங்கிற இடத்துல இருக்கு. அதையும் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல நீளமான கல் கட்டடம். எங்க ஊருக்கும் காரைக்காலுக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இதுக்குள்ள படுத்தவங்கள்ல எங்க பக்கத்து ஆளும் இருந்திருப்பான்னு தோணுச்சு.

பதிவேட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் போட்டாங்க. பேரை குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதினார். ராமசாமி, வையாபுரி, கோவிந்தன் எல்லாம் இன்னைக்கு அங்கே குடும்பப் பேர். முன்னாடி பிரெஞ்சுப் பேர் ஒண்ணு இருக்கும். பிள்ளைங்க பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனாங்க, ஞானஸ்நானமும் ஆச்சு. ரெண்டு மூணு தலைமுறையில தமிழ் வீட்டை விட்டுப் போச்சு. கோயில் இருக்கு, தீமிதி இருக்கு. பேச்சு போச்சு. தினம் அடுப்புக்குப் போற காயோட பேர் மட்டும் வாயில நின்னுடுச்சு. தக்காளியும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு "ரூகாய்"னு ஒண்ணு எல்லா இனத்தாரும் சாப்பிடுறாங்க. நம்ம ஊறுகாய்ங்கிற சொல்லுலேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க.

சந்தையில வனிலா வாசம் தூக்குது. அதுக்குள்ளயும் ஒரு கதை இருக்கு. வனிலாக் கொடி மெக்சிகோவுக்குச் சொந்தம். தீவுல கொடி வளர்ந்துச்சே தவிர காய்க்கலை, அங்கே மகரந்தம் சேர்க்கிற பூச்சி இங்கே இல்லை. 1841-ல் எட்மோங்னு பன்னிரண்டு வயசு அடிமைப் பையன் மெல்லிசு குச்சியால பூவுக்குள்ள இருக்கிற சவ்வைத் தூக்கி, விரலால அமுக்கி மகரந்தத்தைச் சேர்த்துட்டான். பூ ஒரு காலைப்பொழுதுதான் விரிஞ்சிருக்கும், அதுக்குள்ள முடிக்கணும். இன்னைக்கும் உலகம் முழுக்க இந்தக் கைமுறைதான். 1848-ல் விடுதலையானப்போதான் அவனுக்கு அல்பியுஸ்னு குடும்பப் பேரே கிடைச்சது. தோட்டக்காரங்க பணம் சம்பாதிச்சாங்க. எட்மோங் 1880-ல் வறுமையில செத்துப்போனார்.

அந்த அம்மா கிட்ட ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கினோம். நம்ம கணக்குல 150 ரூபாய்க்குக் கிட்ட வரும். சொந்தக் கொல்லையில விளைஞ்சது, பணம் நேரா அவங்க கைக்கே போகுது. அவங்களோட முன்னோர் ஒப்பந்தக் கூலியா வந்தவங்க, எந்த ஊர்னு அவங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு ராத்திரி தங்கச்சி மகள் அந்தக் கீரையில பருப்புப் போட்டுக் கூட்டு வச்சா, ருசி நம்ம கொல்லைக் கீரை மாதிரியே இருந்துச்சு.

படிக்கிறவங்க யார் வீட்டுலயாவது "கப்பல் ஏறிப் போனவர், திரும்பி வரலை"ன்னு ஒரு பேச்சு இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே பேரையும் ஊரையும் கேட்டு எழுதி வச்சுக்குங்க. அந்தப் பக்கம் தேடுறவங்க கையில பதிவேட்டு எண்ணும் பிழையா எழுதின ஒரு பேரும்தான் இருக்கு. மிச்சம் இருந்தா நம்ம பக்கத்துலதான் இருக்கணும்.