பியூஸைக் காப்பாற்றச் செத்த டிரான்சிஸ்டர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. கரண்ட், வயர் கதையெல்லாம் பிடிக்காதவர்கள் இப்போதே தாண்டிப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் இன்னும் மூன்று நிகழ்ச்சிகள் இருக்கும்போது மைதானத்தில் சத்தம் நின்றது. நிற்பதற்கு முன் ‘டொம்’ என்று ஓர் ஓசை. பிறகு ஒரு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து மெல்லியதாகப் புகை. வாடகைக்கு எடுத்த செட். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மீதி நிகழ்ச்சிகளைக் கையில் பிடிக்கும் மெகாபோனில் நடத்தி முடித்தோம்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்ப் திருத்த வந்திருந்த கடைக்குப் போனேன். ஊரில் எல்லோரும் ‘ரேடியோ பாஸ்’ என்று சொல்லும் நானாவின் கடை. நான் போனது அம்புக்காக அல்ல. என்னிடம் விஞ்ஞானம் படிக்கும் தரம் 11 பிள்ளை ஒருவன் பின்னேரமெல்லாம் அந்தக் கடையிலேயே கிடக்கிறான். ‘சோதனை முடியுமட்டும் அவன அங்க போக வேணாமெண்டு சொல்லுங்க சேர், நீங்க சொன்னாத்தான் கேப்பான்’ என்று அவனுடைய வாப்பா என்னிடம் சொல்லியிருந்தார். அதைச் சொல்லத்தான் போனேன்.

அம்ப் திறந்தபடி கிடந்தது. ஒரு பக்கத்தில் பன்னிரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். அவற்றில் ஏழு ஷோர்ட். பியூஸும் எரிந்துதான் இருந்தது. பையன் கேட்டான்: “சேர், பியூஸ் முதல்ல எரிஞ்சிருந்தா இதெல்லாம் தப்பியிருக்கும்தானே? அது ஏன் பிந்திச்சு?”

பியூஸ் இருப்பது வயர் தீப்பிடிக்காமல் இருக்க என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். பாஸ் சிரித்தார். “இதுக்குள்ள டிரான்சிஸ்டர்தான் சேர் பியூஸக் காப்பாத்தும்.”

இது அவருடைய சொந்தப் பகிடி அல்ல, உலகம் முழுக்க எஞ்சினியர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பகிடி. அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அன்று பையனுக்குச் சொன்னதையும், வீட்டுக்கு வந்து யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெரிய கூட்டத்துக்கு மின்சாரத்தால் குரல் கொடுத்த ஆரம்பக் கதைகளில் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. ஜென்சன், பிரிட்ஹாம் என்ற இருவர் செய்த மேக்னவொக்ஸ் ஒலிபெருக்கியில் ஜனாதிபதி வில்சன் 1919இல் சான் டியாகோ மைதானத்தில் பேசினார். ஐம்பதாயிரம் பேர் அளவில் கேட்டார்கள். அதன் பிறகு நாற்பது வருடம் வால்வுகளின் காலம். வால்வுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சுமை கூடினால் உள்ளிருக்கும் தகடு செக்கச் செவேலென்று பழுக்கும். பார்த்து நிறுத்த நேரம் கிடைக்கும். சாவதென்றாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும்.

ஆனால் வால்வில் பெரிய வொட்ஸ் எடுப்பது பாடு. 1965இல் நியூயோர்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது வந்தவர்கள் 55 ஆயிரத்துக்கும் மேல். மேடையில் இருந்ததோ 100 வொட் கிட்டார் அம்ப்கள். பாட்டுக் குரல் போனது ஸ்டேடியத்தில் அறிவித்தல் செய்யும் ஸ்பீக்கர்களில். கூட்டத்தின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்று அவர்களே பிறகு சொன்னார்கள். இசைக்கூட்டம் பெருத்த வேகத்துக்குக் கருவி பெருக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பிய பெட்டிகளில் முக்கியமானது 1967இல் கிரவுன் கம்பெனி கொண்டுவந்த டிசி 300. இந்தக் கம்பெனியின் பிறப்பு எனக்குப் பிடித்த கதை. கிளாரன்ஸ் மூர் என்பவர் தென்னமெரிக்காவில் ஈக்வடோர் நாட்டின் கீட்டோ நகரில் ஒரு கிறிஸ்தவ வானொலியில் எஞ்சினியராக இருந்தார். கீட்டோ கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டர் உயரம். காற்று மெல்லியது. அதனால் அன்டெனாவின் முனைகளில் மின்சாரம் காற்றுக்குள் கசிந்து ஒளிர்ந்து, முனைகளையே எரித்தது. மனிதர் யோசித்து, முனையே இல்லாமல் சதுரமாக வளைத்த அன்டெனாவைச் செய்தார். இன்றும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பாவிக்கும் ‘குவாட்’ அன்டெனா அதுதான். ஊர் திரும்பி 1947இல் இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட்டில் அவர் தொடங்கியதுதான் பின்னர் கிரவுன் ஆனது. உடைந்த இடத்தைப் பார்த்து, ஏன் உடைந்தது என்று கேட்ட ஒருவரின் கம்பெனி.

டிசி 300 ஒரு பக்கத்துக்கு 150 வொட் தந்தது. இன்று கல்யாண வீட்டு செட்டுக்கே அது காணாது, அன்று அது ஆச்சரியம். பெயரிலுள்ள ‘டிசி’ என்பது நேரடி இணைப்பைக் குறிக்கிறது. வால்வு அம்பில் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் ஒரு டிரான்ஸ்போமர் நிற்கும். பாடநூலில் நாங்கள் நிலைமாற்றி என்கிறோமே, அதே சாமான். அது நேரோட்டத்தை அந்தப் பக்கம் கடத்தாது. பள்ளிவாசல்களில் ஹோர்ன் ஸ்பீக்கர்கள் மாட்டும் 100 வோல்ட் லைன் அம்ப்களில் இன்றும் அது இருப்பதைப் பார்க்கலாம். நேரடி இணைப்பில் அந்தக் காவலாளி இல்லை. சத்தம் சுத்தமாக வரும், பாரமும் குறையும். ஆனால் ஒரு டிரான்சிஸ்டர் ஷோர்ட் ஆனால் உள்ளேயிருக்கும் எழுபது எண்பது வோல்ட் நேரோட்டம் அப்படியே ஸ்பீக்கர் கொயிலுக்குப் போகும். கொயில் ஹீட்டராகிவிடும். மைதானத்தில் நாங்கள் பார்த்த புகை அதுதான். பல அம்ப்களில் இதைத் தடுக்க ஒரு ரிலே வைப்பார்கள். இந்த அம்பின் ரிலே முனைகள் முன்பே ஒட்டிப் போயிருந்ததாகப் பாஸ் காட்டினார்.

இனி பையனின் கேள்விக்கு வருவோம்.

2என்3055 என்ற பழைய டிரான்சிஸ்டரை எடுங்கள். ஆர்சிஏ கம்பெனி 1960களில் கொண்டுவந்தது, திருத்தும் மேசைகளில் அதைத் தெரியாத ஆள் இல்லை. அதன் தாளில் 15 அம்பியர் என்றும் 60 வோல்ட் என்றும் இருக்கும். இரண்டையும் பெருக்கி 900 வொட் என்று நினைத்தால் போச்சு. அது தாங்கும் சூடு 115 வொட் மட்டும், அதுவும் உறையைக் குளிராக 25 பாகையில் வைத்திருந்தால். ஆகவே 60 வோல்ட் நிற்கும்போது 2 அம்பியர்கூட எடுக்க முடியாது. வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போகக் கூடாது என்பதுதான் பவர் டிரான்சிஸ்டரின் முதல் சட்டம்.

இரண்டாவது சட்டம் இன்னும் கொடியது. சிலிக்கன் சில்லின் ஒரு மூலை மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் சூடானால் அந்த மூலை கூடுதல் கரண்டை விடும். கூடுதல் கரண்ட் இன்னும் சூட்டைத் தரும். கடைசியில் முழுக் கரண்டும் ஊசிமுனையளவு இடத்துக்குள் பாய்ந்து அந்த இடம் உருகும். 1950களின் பிற்பகுதியில் கண்டுபிடித்த இதற்கு ‘இரண்டாம் முறிவு’ என்று பெயர். இது நடக்க ஆயிரத்தில் சில பங்கு செக்கன் போதும், சிலவேளை அதையும்விடக் குறைவு. பியூஸோ ஒரு கம்பி. அது சூடாகி உருகி அறவேண்டும். இரண்டு மடங்கு கரண்ட் போனாலும் செக்கன் கணக்கில் நின்று பிடிக்கும். ஆகவே பியூஸ் பிந்தியதற்குக் காரணம் அதன் பிழை அல்ல. இந்த ஓட்டப் போட்டியில் ஓட அதைச் செய்யவேயில்லை.

ஸ்பீக்கரும் சும்மா கிடக்கும் சாமான் அல்ல. கூம்பு அசையும்போது அதுவே ஒரு சின்ன டைனமோ. வோல்டேஜ் ஒரு பக்கம் போகக் கரண்ட் வேறு நேரத்தில் வரும். ஆகக் கூடாத அந்த இரட்டைச் சுமை அப்போதுதான் டிரான்சிஸ்டரின் தலையில் விழும்.

1970களின் தொடக்கத்தில் பொப் காவர் என்பவரின் பேஸ் லீனியர் 700 ஒரு பக்கத்துக்கு 350 வொட் தந்தது. மலிவும்கூட. ஆனால் கடும் சுமையில் போட்டவர்கள் அதற்கு ‘ஃபிளேம் லீனியர்’ என்று பட்டம் வைத்தார்கள். விளக்கம் தேவையில்லை. 1974இல் கிரேட்ஃபுல் டெட் குழு சுவர்போல் ஸ்பீக்கர் அடுக்கிப் பாடியபோது 48 மெக்கின்டொஷ் எம்சி 2300 அம்ப்கள் பாவித்தார்கள், மொத்தம் 28,800 வொட். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். பாரத்துக்கு ஒரு காரணம், மெக்கின்டொஷ்காரர்கள் டிரான்சிஸ்டர் அம்பிலும் அவுட்புட்டில் ஒரு இரும்புச் சுருளைக் கைவிடவில்லை. அது நேரோட்டத்தை ஸ்பீக்கருக்கு விடாது. பழமைவாதம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கென்னவோ அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

சூட்டைப் பற்றி ஒரு விஷயம், என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் நம்பாதது. சாதாரண அம்ப் ஆகக் கூடுதலாகச் சூடாவது முழுச் சத்தத்தில் அல்ல, முழு வலுவின் 40 வீதமளவில். முழுச் சத்தத்தில் வோல்டேஜ் ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. பாதி வழியில்தான் மிச்ச வோல்டேஜை டிரான்சிஸ்டர் தன் மேல் வைத்துக்கொண்டு கரண்டையும் கடத்துகிறது. இதைக் குறைக்க 1977இல் ஹிட்டாச்சி இரண்டு படி வோல்டேஜ் கொண்ட அம்பைக் கொண்டுவந்தது: மெல்லிய சத்தத்துக்குச் சின்ன வோல்டேஜ், உச்சம் வரும்போது மட்டும் பெரியது. மேடை அம்ப்களில் அந்த யோசனை வேறு வடிவங்களில் பரவியது.

கிரவுன்காரர்கள் போன வழிதான் எனக்கு ஆக ஆச்சரியம். 1980களின் மெக்ரோ டெக் அம்ப்களில் அவர்கள் ஒரு சின்ன அனலொக் கணினியை வைத்தார்கள். வெளியே போகும் வோல்டேஜ், கரண்ட், ஹீட் சிங்கின் சூடு மூன்றையும் பார்த்து, சிலிக்கனின் உள்ளே இப்போது எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று அது ஓயாமல் கணக்குப் போடும். எல்லை நெருங்கினால் சத்தத்தைத் தானே குறைக்கும். உள்ளே தேர்மோமீட்டர் வைக்க முடியாது, வைத்தாலும் அது பிந்தித்தான் சொல்லும். பியூஸ் தோற்ற ஓட்டத்தில் கணக்கு வென்றது.

பிறகு வந்தது கிளாஸ் டி. டிரான்சிஸ்டரைப் பாதி திறந்து வைக்காமல், முழுக்கத் திறந்து முழுக்க மூடி, செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை மாற்றுவது. யோசனை பழையது. இங்கிலாந்தில் சின்கிளேர் 1964இலேயே எக்ஸ் 10 என்று ஒரு கிட் விற்றுப் பார்த்தார். அன்றைய டிரான்சிஸ்டர்கள் அந்த வேகத்துக்கு வரவில்லை, தோற்றது. வேகமான மொஸ்ஃபெட்கள் வந்த பின் அது உயிர்த்தது. இத்தாலியில் 1995இல் தொடங்கிய பவர்சொஃப்ட் போன்ற கம்பெனிகள் ஒரு கையால் தூக்கும் பெட்டியில் ஆயிரக்கணக்கான வொட் தந்தார்கள். பெரிய டிரான்ஸ்போமரும் போய்விட்டது.

திருத்துபவர்களுக்கு அங்கேதான் ஆபத்து. பழைய அம்பில் டிரான்ஸ்போமருக்கு இந்தப் பக்கம் லைன் கரண்ட் இல்லை. புதியதில் 230 வோல்டை நேரே மாற்றி 320க்கு மேல் நேரோட்டமாகக் கொள்ளளவிகளில் சேர்த்து வைக்கிறார்கள். போர்டின் பாதி லைனோடு உயிராக நிற்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவி கொஞ்ச நேரம் மறக்காது. தானே கற்றுக்கொண்ட பிள்ளைகள் கை வைக்கும் இடம் அல்ல அது. பாஸ் அப்படிப்பட்ட பெட்டிகளைப் பையனைத் தொட விடுவதில்லை.

அன்று மேசையில் கிடந்தது பழைய ரகம். செத்த ஏழையும் மாற்றி உடனே பிளக்கில் போடுவதுதான் அவசரக்காரர் வேலை. அடுத்த ‘டொம்’ அங்கேயே கேட்கும். ஏனென்றால் அவற்றோடு சேர்த்து அவற்றை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டர்களும் வெள்ளைச் சீமெந்துத் தடையிகளும் போயிருக்கும். அந்தத் தடையிகள் அரை ஓமுக்கும் குறைவு. அதிகம் இழுக்கும் டிரான்சிஸ்டரைப் பிடித்து வைத்து எல்லோரையும் சமமாகச் சுமக்க வைப்பது அவைதான். ஒன்று திறந்து போனால் மற்றவை கூடச் சுமந்து வரிசையாகச் சாகும்.

பாஸ் செத்த டிரான்சிஸ்டர் ஒன்றைக் குறட்டில் வைத்து உடைத்தார். மேலே தோஷிபாவின் 2எஸ்சி5200 என்று அச்சு. 150 வொட் தாங்க வேண்டியது. உள்ளே சில்லு நுளம்பளவு. போன தடவை எங்கேயோ திருத்தியபோது யாரோ போலியைப் போட்டிருக்கிறார்கள். மற்றக் காரணத்தை என் பாடசாலைப் பக்கம் கேட்டார்: “பெட்டி எத்தின போட்டீங்க சேர்?” ஒரு பக்கத்தில் நான்கு. எட்டு ஓம் பெட்டி நான்கைச் சமாந்தரமாகப் போட்டால் இரண்டு ஓம். பையன் எனக்கு முன்னரே கணக்கைச் சொல்லிவிட்டான். சமாந்தரத் தடைகளை வகுப்பில் நான் மூன்று தடவை படிப்பித்தும் பேப்பரில் அவன் பிழைவிட்ட கணக்கு அது.

எல்லாம் மாற்றிய பின் லைனில் தொடராக ஒரு 100 வொட் இழை பல்ப். எல்ஈடி சரிவராது; சூடாகும்போது தடை ஏறும் டங்ஸ்டன் இழைதான் வேண்டும். கடைகளில் இப்போது தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். உள்ளே இன்னும் ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் நின்று எரியும், டிரான்சிஸ்டர்கள் தப்பும். ஸ்பீக்கர் பூட்டவில்லை, அவுட்புட்டில் மீட்டர் மட்டும்.

“இடது கையப் பொக்கட்டுக்குள்ள போடு மகன்” என்றார் பாஸ். பையன் வலது கையால் சுவிட்சைத் தட்டினான். பல்ப் ஒரு தடவை பளிச்சென்று எரிந்து, மெல்ல மெல்ல மங்கி, இழை சிவப்பாகத் தெரியும் அளவில் நின்றது. மீட்டரில் 20 மில்லிவோல்ட்.

அவனுடைய வாப்பா சொல்லியனுப்பியதை நான் அன்று சொல்லவில்லை.