கப்பல் முதல் குடியிருப்பு வரை: காப்பீடும் ஃபிக்ஹும்

காப்பீடு குறித்த ஃபிக்ஹ் விவாதம் வீட்டில் தொடங்கவில்லை, கடலில் தொடங்கியது. ஐரோப்பியக் கப்பல்களில் சரக்கேற்றிய வணிகர்கள், சரக்கு அழிந்தால் ஈடு பெறுவதற்காக 'சவ்கரா' என்னும் தொகையை முன்கூட்டியே செலுத்தினர். 1836-இல் மறைந்த டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்), தமது 'ரத்துல் முஹ்தார்' நூலில் இதனை ஆராய்ந்தார். இஸ்லாமிய நாட்டில் செய்யப்படும் இவ்வொப்பந்தத்தின் வழியே ஈடு பெறுதல் ஆகாது என்றார்.

அவர் மறுத்தது ஒப்பந்தத்தின் வடிவத்தையே. இழப்பைப் பங்கிட்டுக்கொள்வதை மார்க்கம் வெறுத்ததில்லை. உணவு குறைந்தபோது இருப்பதையெல்லாம் ஒரே துணியில் திரட்டிச் சமமாகப் பகிர்ந்த அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த செய்தி புகாரியில் உள்ளது. 1985-இல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் பேரவை வணிகக் காப்பீட்டை விலக்கியது. நன்கொடை அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீட்டை, அதாவது தகாஃபுலை, ஏற்றது.

ஆனால் தீர்ப்பு வந்துவிட்டால் நிறுவனமும் வந்துவிடாது. பிரிட்டனில் 2008-இல் தொடங்கிய 'சலாம் ஹலால்' காப்பீடு, மறு ஆண்டே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. 2010 டிசம்பரில் அங்கே நூறாண்டு காணாத குளிர். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. குழாய் வெடித்தால் சுவரும் தரையும் நாசமாகும். வீட்டுக்குக் கடன் தருவோரோ கட்டடக் காப்பீட்டை நிபந்தனையாக்குகின்றனர். அத்தகைய நிலையில் வணிகக் காப்பீட்டை நிர்ப்பந்தம் எனக் கொள்ளலாம் என்பதே என் கருத்து; அதை முழுமையாக ஆகுமானது என்பதற்கில்லை.

எடுத்தவர்கள் நிபந்தனைகளையும் படிக்கட்டும். வெப்பமூட்டியை அணைத்துவிட்டு உம்ராவுக்குச் சென்றவரின் வீட்டில் குழாய் வெடித்தால், ஈடு தர மறுக்கும் பாலிசிகளும் உண்டு.