மார்கேட்: மணல் யாருக்கு?

இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களைப் பத்தி எழுதுறேன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருக்கேன். ஆய்வுக்கட்டுரை, பகுதிநேர வேலைன்னு ஆணி அதிகமானதால தள்ளிப் போயிடுச்சு. இன்னிக்கு மார்கேட். கொஞ்சம் நீளமான பதிவுதான், ஒரு டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க மக்களே :)

மார்கேட், கென்ட் மாவட்டத்தோட வடகிழக்கு மூலையில தானெட்ங்கிற பகுதியில இருக்கு. நான் படிக்கிற கேன்டர்பரியிலேர்ந்து ரயில்ல அரை மணி நேரம். ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா நேரா கடல்தான். வலது பக்கம் அரைவட்டமா மணல். அந்தக் கோடியில பழைய துறைமுகச் சுவரும், அதையொட்டி டர்னர் கன்டெம்பரரிங்கிற கலைக்கூடமும். இந்தக் கோடியில 1964ல் கட்டின ஆர்லிங்டன் ஹவுஸ்ங்கிற 18 மாடி கான்கிரீட் கட்டடம், அதுக்கு அடுத்து ட்ரீம்லேண்ட் கேளிக்கைப் பூங்கா. கடந்த முப்பது வருஷமா ஊர்க்காரங்க போட்ட சண்டை முக்கால்வாசி, நடந்து கடக்கக் கால் மணி நேரம்கூட ஆகாத இந்தக் கரைக்குள்ள நடந்ததுதான்.

சண்டையைப் புரிஞ்சுக்க ஒரு சொல் தெரிஞ்சா போதும். டி.எஃப்.எல். 'லண்டன்லேர்ந்து இறங்கி வந்தவங்க'ங்கிறதோட முதல் எழுத்துகள். வீடு வாங்கி வர்ற ஓவியர், காபிக்கடை திறக்கிறவர், வார இறுதிக்கு மட்டும் வர்றவர் எல்லாருக்கும் உள்ளூர்ல இதே பேர்தான். பாதி கிண்டல், பாதி கோபம். கடற்கரையைப் புதுப்பிக்கிற திட்டம் எது வந்தாலும் உள்ளூர்ல கேக்குற முதல் கேள்வி, 'இது எங்களுக்கா, அவங்களுக்கா?'

நியாயமான கேள்விதான். ஆனா பழைய வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினா ஒரு வேடிக்கை தெரியுது. இந்த ஊரே டி.எஃப்.எல். ஆளுங்களுக்காகத்தான் உருவாச்சு!

மார்கேட் முதல்ல மீனவர் ஊர். சுத்துவட்டாரத்துல விளைஞ்ச தானியத்தை 'ஹோய்'ங்கிற பாய்மரப் படகுல ஏத்தி தேம்ஸ் வழியா லண்டனுக்கு அனுப்புவாங்க. திரும்பி வர்றப்போ படகு காலியாத்தானே வரணும்? அதுல ஆள் ஏத்த ஆரம்பிச்சாங்க. 18ஆம் நூற்றாண்டுல, கடல்தண்ணியில முங்கினா (சில சமயம் குடிச்சாலும்!) நோய் தீரும்னு டாக்டருங்க சொல்ல, லண்டன் கூட்டம் இங்க வந்து குவிஞ்சுது. பெஞ்சமின் பீல்னு ஒரு உள்ளூர்க்காரர், 1750 வாக்குல, குதிரை இழுக்குற குளியல் வண்டிக்குப் பின்னாடி கடல்வரைக்கும் இறங்குற ஒரு துணிக்கூடாரம் சேர்த்தார்னு சொல்றாங்க. உள்ள இருந்தபடியே யார் கண்ணுலயும் படாம குளிச்சுக்கலாம். மானத்துக்கு மானம், மருந்துக்கு மருந்து.

1815ல் நீராவிக் கப்பல் வந்துச்சு, 1846ல் ரயில் வந்துச்சு. ஒவ்வொண்ணும் வர வர பயணம் மலிவாச்சு, வர்ற ஆளும் மாறினாங்க. பெரிய இடத்து ஆளுங்க போக, கடைக்காரங்க வந்தாங்க. அப்புறம் குமாஸ்தா, அப்புறம் தொழிலாளி. ஒவ்வொரு கூட்டமும் அடுத்த கூட்டத்தைப் பாத்து 'சீ, இந்த ஊர் கெட்டுப் போச்சு'ன்னு சொல்லிட்டு வேற ஊருக்குக் கிளம்பிடும். சார்லஸ் லாம்ப் 1823லயே அந்தப் பழைய ஹோய் படகை நினைச்சு, அதையே தலைப்பா வெச்சு ஒரு கட்டுரை எழுதிட்டார். கொசுவத்தி சுத்துறதுல நமக்கெல்லாம் அவர்தான் முன்னோடி.

இதுக்கு நடுவுல எனக்கு முக்கியமாப் பட்ட கட்டடம் ஒண்ணு இருக்கு. 1791ல் ஜான் கோக்லி லெட்சம்ங்கிற லண்டன் மருத்துவர் ஆரம்பிச்ச கடல்குளியல் மருத்துவமனை. பணக்காரங்களுக்குக் கிடைச்ச கடல் வைத்தியம் ஏழைகளுக்கும் கிடைக்கட்டும்னுதான் ஆரம்பிச்சாங்க. காசநோய் வந்த லண்டன் ஏழைகளைக் கூட்டி வந்து, திறந்த வராந்தாவுல, கடல்காத்துல படுக்க வெச்சாங்க. 1990கள் வரைக்கும் மருத்துவமனையாவே இருந்துச்சு. மூடினதுக்கு அப்புறம் கடல் பாக்குற அடுக்குமாடி வீடுகளா மாத்தி வித்துட்டாங்க. இதுக்கு மேல நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

அடுத்து சரிவு. 1970கள்ல ஸ்பெயினுக்கு மலிவு விமானச் சுற்றுலா வந்துச்சு. வெயில் நிச்சயமா அடிக்கிற ஊர் இருக்கறப்போ, ஜூலையிலயும் ஸ்வெட்டர் போட வேண்டிய ஊருக்கு யார் வருவா? 1978 ஜனவரிப் புயல், யூஜினியஸ் பிர்ச் வடிவமைச்சு 1855ல் திறந்த கடற்பாலத்தை அடிச்சு நொறுக்கிட்டுப் போச்சு. (நாடு முழுக்கக் கடற்பாலம் கட்டின மனுஷன், ஆரம்பிச்சது இங்கதான்.) கிழக்குப் பக்கம் கிளிஃப்டன்வில்ங்கிற பகுதியில வரிசையா இருந்த ஹோட்டல்களெல்லாம் ஒத்தை ஒத்தை அறையா வாடகைக்குப் போச்சு. வாடகை குறைச்சல்ங்கிறதால வசதியில்லாதவங்களை லண்டன் நகராட்சிகளே இங்க அனுப்பி வைக்க ஆரம்பிச்சாங்க. ஆக, பணக்காரங்களையும் நோயாளிகளையும் அனுப்பின லண்டன், இப்போ தன்னால வீடு குடுக்க முடியாதவங்களை அனுப்புச்சு. 2010-11 வாக்குல மார்கேட் கடைத்தெருவுல மூணுல ஒரு கடைக்கு மேல பூட்டிக் கிடந்துச்சு. நாட்டுலயே மோசமான கணக்குகள்ல ஒண்ணு அது.

கலைக்கூடம் வந்தது இந்த நிலைமையிலதான். ஓவியர் டர்னர் சின்ன வயசுல கொஞ்ச காலம் மார்கேட்ல பள்ளிக்கூடம் போனவர். பின்னாடி துறைமுகத்துப் பக்கத்துல சோஃபியா பூத்ங்கிற அம்மாவோட விடுதியில அடிக்கடி வந்து தங்கினார். (கடைசிக் காலத்துல ரெண்டு பேரும் லண்டன் செல்சியில சேர்ந்தே வாழ்ந்தாங்க, அது தனிப் பதிவு.) 'டர்னர் பேருல இங்க ஒரு கலைக்கூடம் வேணும்'ங்கிற யோசனையை 1990கள்ல கிளப்பினது லண்டன்காரங்க இல்ல, மார்கேட் ஊர்ச் சங்கத்துக்காரங்க. இது நிறைய பேருக்கு மறந்து போச்சு. மாவட்ட நிர்வாகம் அதைக் கையில எடுத்து சர்வதேசப் போட்டி வெச்சு, துறைமுகச் சுவருக்கு வெளிய, கடல் அலை நேரா மோதுற இடத்துல கட்டுற மாதிரி ஒரு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தாங்க. செலவு பல மடங்கு ஏறி 2006ல் அது கைவிடப்பட்டது. ஒரு செங்கல்கூட வைக்காமலே பணம் கரைஞ்சா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு நான் சொல்லணுமா? :)

அப்புறம் டேவிட் சிப்பர்ஃபீல்டு வடிவமைச்ச இப்போதைய கட்டடம், ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் பவுண்டு செலவுல, 2011 ஏப்ரல்ல திறந்தாங்க. பூத் அம்மாவோட விடுதி இருந்த இடத்துலயே. வெளியிலேர்ந்து பாத்தா கிடங்கு மாதிரி இருக்குன்னு அப்போ திட்டாத ஆள் இல்ல. (எனக்கும் வெளிப்பக்கம் பிடிக்கல. உள்ள போய் அந்தப் பெரிய சன்னல் வழியா கடலைப் பாத்ததும் வாயை மூடிக்கிட்டேன்.) 'டர்னர்னு பேரு, ஆனா சொந்தமா ஒரு டர்னர் ஓவியம்கூட இல்ல'ங்கிறது இன்னொரு புகார். நிஜம்தான், அங்க நிரந்தரச் சேகரிப்பு கிடையாது, எல்லாம் இரவல். ஆனா நுழைவு இலவசம். திறந்த வருஷமே ரோடினோட 'முத்தம்' சிலை வந்து நின்னுச்சு. 2013க்குள்ள பத்து லட்சம் பேர் வந்துட்டாங்க. 2019ல் டர்னர் பரிசுக் கண்காட்சியும் இங்கதான் நடந்துச்சு. 2009லயே லண்டன் செயின்ட் பான்க்ராஸ்லேர்ந்து வேக ரயில் ஓட ஆரம்பிச்சிருந்ததால, ஒன்றரை மணி நேரத்துல வந்து, பாத்து, சாப்பிட்டுட்டுப் போயிடலாம். பழைய ஹோய் படகு கதையேதான்.

ஆனா ஊர் மனசுல இருந்தது கலைக்கூடம் இல்ல, ட்ரீம்லேண்ட்.

ட்ரீம்லேண்டை நம்ம தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரின்னு வெச்சுக்கலாம், வருஷம் பூரா ஒரே இடத்துல நிக்கிற பொருட்காட்சி. ஜான் ஹென்றி ஐல்ஸ்ங்கிறவர் அமெரிக்காவோட கோனி ஐலண்டைப் பாத்துட்டு வந்து 1920ல் ஆரம்பிச்சார். அங்க இருக்கிற சீனிக் ரயில்வேயும் அதே 1920தான். முழுக்க மரத்தால ஆன ரோலர் கோஸ்டர், பிரிட்டன்ல இருக்கறதுலயே பழசு. வண்டியை ஒரு கேபிள் மேல இழுத்து விட்டுச்சு, அப்புறம் அதுவா இறங்கி ஓடுச்சு. வேகத்தைக் கட்டுப்படுத்த வண்டியிலயே ஒரு ஆள் ஏறிக்கிட்டு கையால பிரேக் பிடிச்சார். 2002ல் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியல்ல சேர்த்தாங்க. ஒரு ரோலர் கோஸ்டருக்கு அந்த மரியாதை நாட்டுலயே அதான் முதல் தடவை.

அந்தப் பட்டியல்தான் பின்னாடி ஊரைக் காப்பாத்துச்சு. 2003ல், பூங்காவை மூடிட்டு வேற ஏதாவது கட்டப்போறதா உரிமையாளர் தரப்பு சொன்னதும், 'ட்ரீம்லேண்டைக் காப்போம்'னு ஒரு இயக்கம் கிளம்புச்சு. மத்த ராட்டினமெல்லாம் ஒவ்வொண்ணா போயிடுச்சு. சீனிக் ரயில்வேயை மட்டும் சட்டப்படி யாரும் கழட்ட முடியல. 2008 ஏப்ரல்ல அதுக்கு யாரோ தீ வெச்சாங்க. கால்வாசி எரிஞ்சு போச்சு. அதோட கதை முடிஞ்சுதுன்னு நினைச்சவங்கதான் அதிகம். இயக்கம் விடல. பாரம்பரிய நிதி, அரசு மானியம்னு அலைஞ்சு வாங்கினாங்க. தானெட் மன்றம் கட்டாயக் கையகப்படுத்தல் சட்டத்தைப் பயன்படுத்தி 2013ல் நிலத்தை எடுத்துக்கிச்சு. மத்த ஊர்கள்ல மூடின பூங்காக்கள்லேர்ந்து காப்பாத்தின பழைய ராட்டினங்களைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. 2015 ஜூன்ல பூங்காவும், அக்டோபர்ல சீனிக் ரயில்வேயும் திறந்துச்சு.

இங்க ஒரு சினிமா எடுத்தா 'சுபம்' போடுற இடம் இதுதான். ஆனா நடந்தது வேற. நடத்த வந்த நிறுவனம் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காம 2016 மே மாசம் திவால் நிர்வாகத்துக்குப் போயிடுச்சு. நுழைவுக் கட்டணம் வெச்சது உள்ளூர்ல பெரிய மனக்குறை. சின்ன வயசுல சும்மா உள்ள நுழைஞ்சு சுத்தின இடத்துக்கு, அதுவும் தாங்க போராடி மீட்ட இடத்துக்கு, வாசல்ல டிக்கெட் வாங்கணும்னா எரிச்சல் வராதா? பிறகு நுழைவை இலவசமாக்கினாங்க. பெரிய இசைக் கச்சேரிகளும் வந்துச்சு. 2017ல் கொரில்லாஸ் குழுவோட விழாவே இங்க நடந்துச்சு. ராட்டினத்துக்காகப் போராடினவங்களுக்கு, அது கச்சேரி மைதானமா மாறிக்கிட்டு வர்றதுல சந்தோஷம் இருந்திருக்க முடியாது.

நடுவுல இன்னும் ரெண்டு கூத்து. ஆர்லிங்டன் ஹவுஸ் அடிவாரத்துல டெஸ்கோ பேரங்காடி கட்டுற திட்டம். அந்தக் கட்டடத்துலயே குடியிருக்கிறவங்க எதிர்த்தாங்க, பொது விசாரணை, வழக்குன்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. அனுமதி கிடைச்சுது, ஆனா கடைசியில டெஸ்கோவே வேணாம்னு போயிடுச்சு. இன்னொண்ணு 2012ல். கடைத்தெருக்களுக்கு உயிர் கொடுக்கன்னு அரசு தேர்ந்தெடுத்த 12 ஊர்கள்ல மார்கேட்டும் ஒண்ணு. ஊருக்கு ஒரு லட்சம் பவுண்டு சொச்சம். மேரி போர்ட்டாஸ்ங்கிற தொலைக்காட்சிப் பிரபலம் கேமராவோட வந்தார். கடைக்காரங்களுக்கும் கேமராவுக்கும் நடந்த தகராறுதான் நிகழ்ச்சியில சுவாரசியமான பகுதி :)

இப்போ என்ன நிலைமை? பழைய நகரப் பகுதியில வரிசையா கலைக்கூடம், காபிக்கடை, பழம்பொருள் கடை. பத்து நிமிஷம் நடந்து மேல போனா கடைத்தெருவுல இன்னமும் பூட்டின ஷட்டர்கள். மார்கேட்லயே வளர்ந்த ஓவியர் ட்ரேசி எமின் திரும்பி வந்து, பழைய பொதுக்குளியல் கட்டடத்துல ஓவியர்களுக்கு இடம் குடுத்திருக்காங்க. அவங்களை டி.எஃப்.எல்.னு சொல்ல முடியுமா முடியாதான்னு ஒரு பட்டிமன்றமே வைக்கலாம். ஆனா வீட்டு விலையும் வாடகையும் ஏறிடுச்சு. கிளிஃப்டன்வில்ல பழைய ஹோட்டல் அறைகள், இன்னிக்கு விடுமுறைக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்குப் போகுது. முன்னாடி லண்டன்ல வீடு கிடைக்காம இங்க அனுப்பப்பட்டவங்க இருந்த அறைகள் அதெல்லாம். அவங்க இப்போ எங்க போவாங்க? ட்ரீம்லேண்டுக்காகக் கையெழுத்து வாங்கின தலைமுறையோட பிள்ளைங்க அதே ஊர்ல வாடகைக்கு வீடு தேடி அல்லாடுறது, எந்தத் திட்ட அறிக்கையோட அட்டையிலயும் வராது.

எனக்குத் தோணுறது இதான். 'லண்டன்காரங்க வரக்கூடாது'ன்னு மார்கேட் என்னிக்குமே சொன்னதில்ல. அவங்க வந்தாத்தான் இந்த ஊருக்குச் சோறு, அது அவங்களுக்கே நல்லாத் தெரியும். முன்னாடி வந்தவங்க சாயங்காலம் படகுலயோ ரயில்லயோ திரும்பிப் போனாங்க, இல்லன்னா உள்ளூர்க்காரம்மாவோட விடுதியில காசு குடுத்துத் தங்கினாங்க. காசு ஊருக்குள்ள நின்னுச்சு. இப்போ வர்றவங்க விடுதியையே வாங்கிடுறாங்க. கோபம் அங்கதான் இருக்கு, கலைக்கூடத்து மேல இல்ல.

அதுபோக, ஊர்க்காரங்க தங்களோடதுன்னு நினைக்கிற இடம் கவனிப்பில்லாம போனதுலயும் வருத்தம். பாறையைக் குடைஞ்சு 1911ல் கட்டின விண்டர் கார்டன்ஸ் அரங்கத்துல 1963ல் பீட்டில்ஸ் தொடர்ந்து ஆறு நாள் பாடியிருக்காங்க. உள்ளூர்ப் பிள்ளைங்களோட நடனம், நாடகம் எல்லாத்துக்கும் அதான் மேடை. 2022ல் அதை மூடிட்டாங்க. புதுசா ஒண்ணு கட்டப் பணம் கிடைக்குது, இருக்கிற கூரையைச் சரிபண்ணக் கிடைக்கலையேன்னு ஒரு ஊர் கேட்டா என்ன பதில் சொல்றது?

இன்னும் கிழக்கே நடந்தா வால்போல் பே. கடலுக்குள்ளயே சுவர் எழுப்பி 1937ல் கட்டின பெரிய நீச்சல் குளம், ஏத்தத்துல கடல் வந்து அதுவா நிரப்பிட்டுப் போகும். காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. பக்கத்துல பழைய குளியல் வண்டி மாதிரியே மரத்துல செஞ்ச ஒரு சௌனா வண்டி வந்து நின்னுச்சு, 2010கள்ல. கடற்பாசியில சோப்பு, வாசனைப்பொருள் செய்யுற ஒரு கடைக்காரங்க ஏற்பாடு. பெஞ்சமின் பீல் பாத்தா காப்புரிமை கேட்டிருப்பார் :)

அடுத்த பதிவு ஹேஸ்டிங்ஸ். 2010ல் எரிஞ்ச கடற்பாலத்துக்கு ஊர் மக்களே பங்கு வாங்கினாங்க, 2016ல் திறந்தாங்க, 2017ல் கட்டடக்கலைக்கான ஸ்டிர்லிங் பரிசு வாங்கினாங்க, 2018ல் அது ஒரு தனியார் கைக்குப் போயிடுச்சு. அந்தப் பங்கெல்லாம் என்னாச்சுன்னு அங்க பாக்கலாம். மார்கேட் பக்கம் போய் வந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.